இடி பட்டன்

செல்லப்பாண்டியின் அச்சாபீஸில் ஓடும் ஆப்செட் மெஷினுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனமும் குங்குமமும் மல்லிகைச் சரமும் உண்டு. ஜெர்மன்காரன் ஓட்டி முடித்துத் தள்ளிவிட்டதைக் கடன்பட்டுக் கப்பலில் கொண்டுவந்தவர் அவர். பூப் போடாமல் என்ன செய்வார். அந்த மெஷினுக்கு வேலை கொடுக்கிற மூன்று கம்ப்யூட்டர்களும் வாசல் பக்கத்து அறையில் கீபோர்டு எழுத்து தேய்ந்து, விசிறியில் தூசி அடைத்து, இழுப்பு வந்தவர்கள் மாதிரி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்கு ஆயுத பூஜையன்று மட்டும் ஆளுக்கொரு பொட்டு. அதையும் ஒரு வருஷம் யாரோ பக்தி முற்றிப்போய் பென்டிரைவ் சொருகும் இடத்தில் வைத்துவிட, முனியராஜ் வந்து ஊசியால் நோண்டி எடுத்தான்.

முனியராஜ்தான் அந்தத் தெருவுக்கும் அடுத்த நாலு தெருவுக்கும் கம்ப்யூட்டர் வைத்தியன். சீசன் என்றால் பட்டாசுக்காரர்களுக்கு மட்டும்தான் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். ஆவணி பிறந்துவிட்டால் லேபிள் அடிக்கிறவன், அட்டைப்பெட்டி மடிக்கிறவன், லாரி பிடிக்கிறவன், பில் போடும் கம்ப்யூட்டரைச் சரிசெய்கிறவன் எல்லாருக்கும் அதே சீசன்தான். காலையில் பைக்கை மிதித்தால் சாயங்காலம் வரை இறங்க முடியாது. எந்தப் பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே மினுமினுவென்று அலுமினியப் பொடி படிந்திருக்கும். அதை ஊதி ஊதி அவனுக்கு நாற்பது வயதிலேயே நெஞ்சில் ஒரு காய்ந்த இருமல் குடிவந்துவிட்டது.

ஒருநாள் செல்லப்பாண்டி அவனைக் கூப்பிட்டுவிட்டார். பழைய விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு வராதாம், புது விண்டோஸ் இந்தப் பெட்டிகளில் ஏறாதாம், மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறான் கம்ப்யூட்டர் விற்கிற மதுரைக்காரன் என்றார். சீசன் நேரத்தில் அவரிடம் புதுசு என்று பேச்சை எடுப்பவன் அவருக்குப் பகையாளி. காசில்லாமல் கிடைக்கிறது ஏதோ ஒன்று இருக்கிறதாமே என்று இழுத்தார். லினக்ஸ் இருக்கிறது அண்ணாச்சி, ஆனால் பழகணும் என்றான் முனியராஜ்.

"பழகட்டும். ஒக்காரப் போறது ஒன் பொண்டாட்டிதான. அவளுக்கு ஓட்ட வந்துட்டாச் சரி. வரலேன்னா எங்க சித்தப்பா மக டிகிரி முடிச்சிட்டு வீட்ல சும்மா இருக்கா, பாத்துக்கோ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். முனியராஜ் சிரிக்கவில்லை.

அவன் மனைவி மாரிசெல்வி அந்த அறையில் நடுக் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள். வெளியே டிசைன்காரர் வரைந்து அனுப்புகிற லேபிளில் வெடியின் பெயர், எண்ணிக்கை, விலை, கம்பெனி முகவரி எல்லாம் ஆர்டருக்கு ஆர்டர் மாற்றி அச்சுக்குப் பிளேட் போட அனுப்புவது அவள் வேலை. அதற்கு முன்னால் எட்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னினாள், மருந்தும் அடைத்தாள். அவளுடைய அக்கா சின்னத்தாய் அதே கம்பெனியில் வேலை பார்த்து, அங்கேயே ஒரு வெடி விபத்தில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு மாரிசெல்வி அந்தக் கம்பெனி வாசலை மிதிக்கவில்லை. டைப்பிங் படித்து, கம்ப்யூட்டர் படித்து, பலபேர் வாசலில் நின்று, கடைசியில் இந்த நாற்காலி கிடைத்தது. இன்றைக்கும் விடிகாலையில் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தால் கோலப்பொடிக் கையோடு அப்படியே நின்றுவிடுவாள். வேன் போன பிறகுதான் அடுத்த இழை இழுப்பாள். இந்த நாற்காலி போனால் அவளுக்கு அந்த வேன்தான். முனியராஜின் வருமானம் சீசனில் வழியும், தைக்குப் பிறகு காயும். மகள் சினேகா ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

ஆகவே முனியராஜ் லினக்ஸ் தேட உட்கார்ந்தான். லினக்ஸ் என்பது ஒன்றல்ல. சிவகாசிக்காரனுக்கு அதை விளக்குவது சுலபம்: உள்ளே அதே மருந்து, அதே திரி, கம்பெனிக்குக் கம்பெனி லேபிள் மட்டும் வேறு. உபுண்டு, மின்ட், டெபியன், பெடோரா என்று கணக்கில்லாமல் இருந்தன. ஒன்று அழகாக இருந்தது, பிரிண்டரைக் கண்டுகொள்ளவில்லை. இன்னொன்று பிரிண்டரோடு கொஞ்சிக் குலாவியது, பழைய பெட்டியில் நகரவே மாட்டேன் என்றது. மற்றொன்றில் எல்லாம் சரி; மாரிசெல்வி படித்த தமிழ்த் தட்டச்சு விசை வரவில்லை. வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாக ஏற்றுவதும் இறக்குவதுமாக அவனுக்குக் கண் எரிந்தது.

அவள் அச்சாபீஸிலிருந்து வந்து, முகம் கழுவி, கருவாட்டுக் குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, அது கொதிக்கிற நேரத்தில் அவனுடைய பழைய லேப்டாப் முன்னால் உட்காருவாள். குப்பைத் தொட்டி இந்த மூலையில் இருக்கக் கூடாது, அந்த மூலையில் இருக்கணும் என்பாள். எழுத்து பொடிசாக இருக்கிறது என்பாள். சேவ் என்று இருந்த இடத்தில் வேறு எதையோ வைத்திருக்கிறான், என் கை தானாக அங்கே போகிறது என்பாள். அவன் எல்லாவற்றையும் அவள் கை போகிற இடத்துக்கே கொண்டுவந்தான். மெனுவில் இங்கிலீஷை எடுத்துவிட்டு லேபிள், பில், பிளேட் என்று தமிழில் போட்டான். பின்னணியில் பழைய விண்டோஸில் இருந்த அதே இருக்கன்குடி மாரியம்மன் படத்தை வைத்தான். கடைசியில் மின்ட் நின்றது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டை அம்மா வீடு மாதிரியே ஜோடித்துக் கொடுத்ததுபோல அவனுக்கு ஒரு திருப்தி.

"இது பழசுதான?" என்றாள் மாரிசெல்வி, கடைசித் தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டு.

"புதுசு."

"எனக்குப் பழசாத்தான் இருக்கு. இது போதும். நீங்க போயி மொதல்ல படுங்க, கண்ணு ரெண்டும் கோவைப்பழமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மூன்று பெட்டியிலும் ஏற்றினான். பக்கத்துக் கம்ப்யூட்டரில் பில் போடுகிற யோகலட்சுமி திங்கள் முழுக்கப் புலம்பிவிட்டுச் செவ்வாய் மறந்துபோனாள். செல்லப்பாண்டி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒத்தப் பைசா செலவில்லை என்று சொல்லி மகிழ்ந்தார். முனியராஜ் நிம்மதியாக விட்ட மூச்சு அந்த ஒரு வாரம்தான்.

அந்த வருஷம் புரட்டாசி வெயில் பங்குனி வெயிலாகக் காய்ந்தது. மத்தியானம் வரை தார் இளகும். நாலு மணிக்கு மேற்கே மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வரும். காற்று ஒரு தரம் புழுதியை அள்ளிப் போட்டுவிட்டு நின்றுவிடும். அப்படியொரு சாயங்காலம் தூரத்தில் முதல் இடி உருண்டது. மாரிசெல்வி ஒரு கம்பெனியின் மொத்த லேபிளையும் முடித்துக் கடைசி லேபிளில் இருந்தாள். இடி உருண்டு முடிவதற்குள் எழுந்து, வாசலோரச் சுவரில் இருந்த அந்த அறையின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, யோகலட்சுமியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே சைக்கிள் செட்டில் போய் நின்றாள்.

பட்டாசுக் கம்பெனியில் அதுதான் முறை. வானம் முதல் குரல் கொடுத்ததும் போர்மேன் விசில் அடிப்பார், கேட் ரூமில் மெயினை இறக்குவார்கள், அத்தனை பேரும் கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட வேண்டும். அச்சாபீஸுக்கு வந்த பிறகும் அவள் கைக்கு அது மறக்கவில்லை. இத்தனை நாள் கம்ப்யூட்டர்களுக்கு யூபிஎஸ் இருந்ததால் அவள் இறக்கினாலும் அது பாட்டுக்குக் கீச்கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும். மற்றவர்கள் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். இந்தக் கோடையில் அதன் பேட்டரிகள் ஊதிப் போய்விட்டன. சீசன் முடியட்டும் என்று செல்லப்பாண்டி தள்ளிப் போட்டிருந்தார்.

மழை விட்டு மெயினை ஏற்றியபோது நடுக் கம்ப்யூட்டர் எழவில்லை. மாரியம்மன் படம் வரவேண்டிய இடத்தில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக என்னென்னவோ கேட்டது. நனைந்த சட்டையோடு வந்த முனியராஜ் பார்த்தான். வயசான டிஸ்க், எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கரண்ட் போய் உள்ளே எல்லாம் கலைந்துகிடந்தது. விடிய விடியப் போராடி மறுநாள் எழுப்பினான். அன்றைய லேபிள்கள் மட்டும் வரவில்லை. பிளேட் இல்லாமல் ஜெர்மன்காரன் மெஷின் பூவும் பொட்டுமாகச் சும்மா நின்றது.

செல்லப்பாண்டி கத்துகிறவர் இல்லை. கத்தியிருந்தால் தேவலாம் என்று தோன்றும்படி மெதுவாகப் பேசினார். இது அச்சாபீஸ், மருந்து ரூம் இல்லை. இங்கே எரிகிறதுக்கு என்ன இருக்கிறது? பேட்டரி தீபாவளிக்கு அப்புறம் வாங்கலாம், அதற்குள் இவள் மெயினில் கைவைப்பதை விட்டுவிட வேண்டும். இன்னொரு தடவை இப்படி ஆனால் சித்தப்பா மகளை வரச்சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. மாரிசெல்வி தலையாட்டிவிட்டு, போன லேபிள்களை முதலிலிருந்து அடிக்க உட்கார்ந்தாள்.

அன்றைக்கு வீட்டில் சோறு வடித்துக்கொண்டே அவள் தானாகப் பேச்சை எடுத்தாள். அக்காவைப் பற்றி அவள் பேசி முனியராஜ் கேட்டதே கிடையாது.

"நானா வேணும்னு இறக்கல. இறக்குன பொறவுதான் இறக்கிட்டேன்னே தெரியுது. கை போயிருது."

"தெரியும் செல்வி."

"ஒங்களுக்குத் தெரியாது. அன்னைக்கி இடிச்சது. நான் வெளிய வந்துட்டேன், எங்க ரூம்ல எல்லாரும் வந்துட்டோம். அக்கா ரூம்ல லோடுக்கு அவசரம். வாசப்படி வரைக்கும் வந்துட்டா, ஒரு கால் வெளிய இருக்கு, நான் பாக்கேன். போர்மேன் அண்ணன், கொஞ்சம் பொறு தாயி, இந்தத் தட்டை முடிச்சிருன்னு சொன்னாரு. நல்ல மனுசந்தான், கெட்ட எண்ணமெல்லாம் கெடையாது. அவ திரும்பி உள்ள போனா."

அவள் வடிகஞ்சியைச் சட்டியில் இறக்கினாள். சொல்லத் தெரியாதவன் ஏதாவது செய்யத்தான் பார்ப்பான். முனியராஜ் லேப்டாப்பை எடுத்தான்.

அவன் செய்ததுதான் இடி பட்டன். திரையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் சதுரம், அதில் தமிழில் 'இடி' என்று எழுத்து. அதை ஒரு தட்டுத் தட்டினால் திறந்திருக்கிற எல்லாவற்றையும் சேவ் செய்து, பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் வைத்துவிட்டு, ஒழுங்காக மூடிக்கொள்ளும். திரை கறுத்ததும் மெயினை இறக்கலாம். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாம் ஆகிவிடும். லினக்ஸாக இருப்பதால்தான் இதெல்லாம் நம் இஷ்டத்துக்குச் செய்ய முடிகிறது என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை. செல்லப்பாண்டிக்கோ அது பேரப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. காரியாபட்டியிலிருந்து லேபிள் பார்க்க வந்த வியாபாரியை உட்காரவைத்து, இடி இல்லாத நேரத்திலேயே தட்டிக் காட்டினார். வெள்ளைக்காரன்கூட இப்படி யோசித்திருக்க மாட்டான் என்றார். மாரிசெல்வியும் தட்டிப் பழகினாள். தட்டி, திரை கறுக்கும் வரை நின்று, பிறகு மெயின். வானம் வெளிறிக் கிடந்த நாட்களில் அது சரியாகவே வந்தது.

அடுத்த இடி வந்தபோது முனியராஜ் அங்கேயே இருந்தான். பில் பிரிண்டர் காகிதத்தை மென்றுவிட்டது என்று யோகலட்சுமி கூப்பிட்டிருந்தாள். அவன் தரையில் உட்கார்ந்து அதன் வாயிலிருந்து துண்டு துண்டாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அறை இருட்டிக்கொண்டு வந்தது. முன்னறிவிப்பாக எதுவும் இல்லாமல் பக்கத்திலேயே இடித்தது, கண்ணாடி அதிர்ந்தது.

மாரிசெல்வி பட்டனைத் தட்டினாள். எழுந்தாள். சுவர்ப் பக்கம் போய் மெயின் சுவிட்சில் கைவைத்துக்கொண்டு திரும்பித் திரையைப் பார்த்தாள். அன்றைக்குப் பெரிய ஆர்டர். திரையில் சின்னச் சக்கரம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த மின்னல் வெட்டியது. அவள் முகத்தில் ரத்தம் இல்லை. ஒரு கால் வாசற்படிக்கு வெளியே போயிருந்தது. திரை கறுக்கட்டும் என்று, சொல்லிக்கொடுத்தபடியே நின்றாள்.

"இந்தா முடியப் போவுது, கொஞ்சம் பொறு," என்றான் முனியராஜ்.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

கோபமாகப் பார்த்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். பழகிப்போன ஒன்றைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பார்த்துவிட்டு, வெளியே இருந்த காலை உள்ளே எடுத்து வைத்தாள்.

முனியராஜ் எப்படி எழுந்தான், பிரிண்டரைத் தாண்டினானா மிதித்தானா என்பது அவனுக்கே தெரியாது. அவள் கையின்மேல் தன் கையை வைத்து மெயினை இறக்கினான். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த திரை சட்டென்று செத்தது. அவளை இழுத்துக்கொண்டு, யோகலட்சுமியையும் வா என்று அதட்டி, மூவரும் சைக்கிள் செட்டுக்கு ஓடினார்கள். தகரத்தின்மேல் மழை கொட்டியது. மாரிசெல்வி சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

செல்லப்பாண்டி குடையோடு வந்து, மறுபடியும் இறக்கிவிட்டாளா என்றார்.

"அவ இல்ல அண்ணாச்சி. நாந்தான் இறக்குனேன்."

"நீயா? பட்டன் செஞ்சவனே நீதானப்பா?"

"ஆமா. செஞ்சது தப்பு. இடிக்கும்போது ஒரு மனுசியப் பொறுன்னு சொல்லக் கூடாது. அவள மாத்த முடியாது அண்ணாச்சி, மாத்தவும் வேண்டாம். நான் கம்ப்யூட்டரை மாத்திருதேன்."

செல்லப்பாண்டி குத்தவைத்திருந்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் ஈரமில்லாதவர் என்று சொல்ல முடியாது. ஆனால் சீசன் அவர் கழுத்திலும்தான் உட்கார்ந்திருந்தது. ஞாயிறு வரை பார்க்கிறேன், அதற்கு மேல் என்னைக் குறை சொல்லாதே என்று சொல்லிவிட்டுக் குடையை மடக்காமலே உள்ளே போனார். அன்றைய ஆர்டரில் பாதி போயிருந்தது.

முனியராஜ் திரும்பவும் முதலிலிருந்து தேடினான். இந்தத் தடவை அழகைப் பார்க்கவில்லை, பழசு மாதிரி இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான்: எந்த நொடியில் பிடுங்கினாலும் தாங்குமா? அப்படிப் பார்த்தபோது பெரிய பெயர்களெல்லாம் ஒதுங்கிக்கொண்டன. கடைசியில் கிடைத்தது பப்பி என்று ஒரு பொடி லினக்ஸ். பென்டிரைவில் இருந்து எழுந்து, மொத்தமும் மெமரிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்; தன் உடம்பில் எதையும் எழுதிக்கொள்ளாது. பிடுங்கிப் போட்டாலும் அடுத்த தடவை ஒன்றும் நடக்காத மாதிரி எழும். லேபிள் வேலையை மட்டும் அரை நிமிஷத்துக்கு ஒருதரம் இரண்டு இடத்தில் நகல் வைக்கும்படி அவன் எழுதிச் சேர்த்தான். பார்க்க அசிங்கமாக இருந்தது, பெட்டி பெட்டியாகச் சாம்பல் நிறத்தில். பைக் கடனுக்கு வைத்திருந்ததில் எடுத்து, வயசான டிஸ்கையும் மாற்றினான். தமிழ் விசையையும் மாரியம்மனையும் திரும்ப ஏற்றினான். மஞ்சள் பட்டனை ஏற்றவில்லை.

சனிக்கிழமை செல்லப்பாண்டி வந்து நின்று பார்த்தார். பெயரைக் கேட்டுவிட்டு, போயும் போயும் நாய்க்குட்டியையா கொண்டுவந்து கட்டினாய் என்றார். பிறகு கண்ணால் தேடினார்.

"அந்த இடி பட்டன் எங்கப்பா?"

"அது வேண்டாம் அண்ணாச்சி. இப்ப சொல்லாமக் கொள்ளாம இறக்கலாம். நீங்களே இறக்கிப் பாருங்க."

அவர் நம்பாமல் போய் மெயினை இறக்கினார். ஏற்றினார். எழுந்தது, மாரிசெல்வி அடித்துக்கொண்டிருந்த லேபிளில் கடைசி வரி மட்டும் இல்லை. அவருக்கு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. கேட்காமல் இறக்கினார், பேசிக்கொண்டே இறக்கினார், போய்விட்டுத் திரும்பி வந்து இறக்கினார். ஒவ்வொரு தடவையும் எழுந்தது. ஒவ்வொரு தடவையும் மாரிசெல்வி அந்த ஒரு வரியைத் திரும்ப அடித்தாள். கடைசியில் அவர் அலுத்துப்போய், சரி, நாய்க்குட்டி நன்றி உள்ளதுதான் என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார். சித்தப்பா மகளைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

முனியராஜுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பு இல்லை. பைக்கில் போகும்போது இருமல் வந்தது, நிறுத்தி இருமிவிட்டுப் போனான். அடுத்த வாரம் சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி ஆபீஸில் மேஜைக்கு அடியில் படுத்து வயர் மாற்றிக்கொண்டிருந்தபோது மேற்கே உருண்டது. சட்டைப் பையில் போன் அடித்தது. மாரிசெல்வி வேலை நேரத்தில் அவனுக்குப் போன் செய்கிறவள் இல்லை.

"இடிச்சது. இறக்கிட்டேன்," என்றாள்.

"நல்லது. எங்கன நிக்க?"

"சைக்கிள் செட்டுல. யோகா நிக்கா. பைண்டிங் பொம்பளையாளுக அம்புட்டுப் பேரும் வந்துட்டாக. மொதலாளியும் இங்கனதான் நிக்காக. மெஷினை நிப்பாட்டிட்டு வந்துட்டாக."

மேஜைக்கு அடியில் படுத்தபடியே மேலே பலகையில் ஒட்டியிருந்த தூசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் தகரத்தில் மழை விழுகிற சத்தம் போனில் கேட்டது.

"இடி நிக்கிற வரைக்கும் வைக்காதீக," என்றாள்.

ஆபீஸ்காரர் குனிந்து, வேலை முடிந்ததா என்று கேட்டார். முனியராஜ் போனைக் காதிலிருந்து எடுக்காமல், இன்னும் நேரமாகும் என்று கையைக் காட்டினான்.